ரிப்பன் மாளிகையும் எங்கள் புளியந்தோப்புத் தெருவும்



எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் தம்பியிடம் சட்டைகளைக் கொடுக்கப் போனபோது, வண்டியின் மேல் ஒரு துண்டு நோட்டீஸ் கிடந்தது. பகுதி சபைக் கூட்டம், இன்ன தேதி, இன்ன இடம் என்று அச்சடித்திருந்தார்கள். "போகப் போறியாப்பா?" என்று கேட்டேன்.

"இன்னா சார் நீங்க. போனா டீ, பிஸ்கட்டு குடுப்பாங்க. வேற இன்னா ஆவப் போவுது? பெரியவங்க அங்க ரிப்பன் பில்டிங்ல முடிவு பண்றாங்க. நம்ம பேச்சை யாரு கேக்குறா?"

அந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது என்று பட்டது. மாநகராட்சி மன்றம் நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. வந்ததை ஒரு தடவை 23 ஆண்டுகள் இழந்தும் இருக்கிறோம். அந்தக் கதையை எனக்குத் தெரிந்த குமாஸ்தா நடையில் எழுதிப் பார்க்கிறேன்.

சென்னை மாநகராட்சி தொடங்கிய நாள் 1688 செப்டம்பர் 29. அதற்கான சாசனம் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1687 டிசம்பர் 30 தேதியிட்டு வந்தது. முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன். அவருக்குக் கீழே 12 ஆல்டர்மேன்கள், அவர்களுக்கும் கீழே பர்ஜெஸ்கள் என்று ஒரு சபை. அதில் ஆங்கிலேயர் மட்டுமல்லாமல் போர்த்துகீசியர், யூத வணிகர், உள்ளூர் வணிகர் என்று பலரும் இடம்பெற்றார்கள்.

கம்பெனிக்கு நம் மேல் அப்படி என்ன பிரியம் என்று கேட்கலாம். காரணம் வரிதான். கோட்டைக்காரர்கள் வீட்டுவரி போட்டுப் பார்த்தார்கள்; பட்டணத்து மக்கள் கட்ட மறுத்தார்கள். லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டு ஒரு யோசனை சொன்னார். மேலேயிருந்து அதிகாரமாகக் கேட்டால் சிறு தொகையைக்கூடத் தராத மக்கள், தங்கள் ஆட்களே கூடி ஊர் நன்மைக்கென்று விதிக்கும் வரியைப் பெரிய தொகையானாலும் கட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. ஆக, நம் மாநகராட்சி பிறந்ததே "எங்களைக் கேட்காமல் வரி போடாதே" என்று ஊரார் முரண்டு பிடித்ததால்தான். இதை நாம் மறக்கக் கூடாது.

அதற்குப் பிறகு வெகுகாலம் உறுப்பினர்களைச் சர்க்கார்தான் நியமித்தது. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் நகரத்தை எட்டு டிவிஷன்களாகப் பிரித்து, டிவிஷனுக்கு நான்கு பேர் வீதம் 32 கமிஷனர்களை வைத்தது. எல்லாரும் நியமனம்தான். 1878-இல் அந்த 32 பேரில் பாதிப் பேரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். 1884-இல் அது 24 ஆக உயர்ந்தது. 1904-இல் மொத்தத்தை 36 ஆக்கிவிட்டு, டிவிஷன்களில் தேர்ந்தெடுக்கப்படுவோரை 20 ஆகக் குறைத்தார்கள். மிச்சத்தில் வணிக சபைகளுக்கும் சர்க்கார் நியமனத்துக்கும் பங்கு போயிற்று. கொடுப்பதும் பிடுங்குவதும் அப்போதே உண்டு.

வாக்கு என்றால் எல்லாருக்கும் வாக்கு என்று நினைத்துவிட வேண்டாம். வரி கட்டும் சொத்துக்காரர்களுக்குத்தான் அது. பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்து, ஓட்டேரி நாலா ஓரம் குடிசையில் வாழ்ந்தவருக்கு அதில் இடமில்லை. அந்த ஆலைத் தொழிலாளர்கள்தான் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். 1921 வேலைநிறுத்தமும் அதை ஒட்டி எழுந்த கலவரங்களும் புளியந்தோப்பின் பெயரைச் சரித்திரப் புத்தகத்தில் ஏற்றின. வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு என்பது சுதந்திரத்துக்குப் பிறகுதான் நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

1919-இல் வந்த சென்னை மாநகராட்சிச் சட்டம் முக்கியமானது. உறுப்பினர் எண்ணிக்கை 50 ஆயிற்று. மன்றத்தின் தலைவரை மன்றமே தேர்ந்தெடுக்கலாம் என்றும் ஆயிற்று. அப்படி வந்த முதல் தலைவர் நம் வடசென்னைக்காரரான சர் பிட்டி தியாகராயர். அவர் காலத்தில், 1920 செப்டம்பர் 16 அன்று மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானம் சிற்றுண்டி தர வேண்டும், செலவு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகக் கூடாது என்பது தீர்மானம். பின்னாளில் காமராஜரின் மதிய உணவும் எம்.ஜி.ஆரின் சத்துணவும் மாநிலம் முழுக்க வந்தன என்றால், அவற்றுக்கு வெகு முன்னரே ரிப்பன் மாளிகையில் ஒரு தீர்மானம் இருந்தது. பசியோடு வரும் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைக்க என்ன செய்யலாம் என்று மன்றத்தில் பேசியதன் பலன் அது.

ரிப்பன் மாளிகை என்றதும் இன்னொன்று. 1909-இல் மின்டோ பிரபு அடிக்கல் நாட்டினார், 1913-இல் திறந்தார்கள். ஸ்தல சுயாட்சிக்கு வழிவிட்ட ரிப்பன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். "ரிப்பன் எங்கள் அப்பன்" என்று ஜனங்கள் சொன்னதாக எங்கள் காலத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

1933-இல் தலைவர் என்ற பெயர் மேயர் என்று மாறியது. குமாரராஜா முத்தையா செட்டியார் அந்தப் பெயரோடு அமர்ந்த முதல்வர். 1939-இல் மேயரான சத்தியமூர்த்தி, பட்டணத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டும் என்று வெள்ளைக்காரச் சர்க்காரோடு மன்றாடி ஒப்புதல் வாங்கினார். யுத்த காலத்திலேயே, 1940-இல் அடிக்கல் நாட்டி 1944-இல் முடித்தார்கள். முடிந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1945-இல் ந. சிவராஜ் மேயரானார், 1957-இல் தாரா செரியன் முதல் பெண் மேயர். இவர்களெல்லாம் ஓர் ஆண்டு மேயர்கள்தான். மன்றம் ஆண்டுதோறும் புது மேயரைத் தேர்ந்தெடுத்தது. ஆனாலும் ஊருக்கென்று குரல் கொடுக்க ஓர் ஆள் இருந்தார்.

இந்த இடத்தில் என் பள்ளிக் காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பாடப் புத்தகத்தில் ஊர் என்றாலே 'கொம்யூன்', அதற்கு ஒரு 'மேர்', அவர் உட்காரும் கட்டடம் 'மேரி'. 1880 மார்ச் 12-ஆம் தேதி ஆணைப்படி புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் எல்லாம் சேர்த்துப் பத்துக் கொம்யூன்கள் அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுத்த சபை. கடற்கரையில் மேரி கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் வாத்தியார், "உங்கள் வீட்டுப் பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றும் இதற்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது" என்பார்.

பிற்பாடு நடந்ததையும் சொல்கிறேன். புதுச்சேரியில் 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006-இல்! நடுவில் 38 ஆண்டுகள். 2011-இல் அந்தச் சபைகளும் காலாவதியாகி, மறுபடி ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. 2014 நவம்பர் மழையில் மேரி கட்டடமே சரிந்து விழுந்தது. பழைய மாதிரியே அழகாகத் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். கட்டடம் திரும்பி வந்துவிட்டது. திறந்த அன்று அதற்குள் உட்கார ஒரு மேயர் இல்லை.

சிரிக்க வேண்டாம். சென்னைக் கதையும் அதற்கு இளைத்ததல்ல.

1973-இல் நான் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. மஸ்டர் ரோல் ஊழல் என்று ஊரே பேசிக்கொண்டது. வராத ஆட்கள் வந்ததாகக் கூலிப் பட்டியலில் பேர் எழுதிப் பணம் எடுத்த விவகாரம். 1973 டிசம்பர் 1 அன்று அரசு மன்றத்தைக் கலைத்தது. தப்பு செய்தவரைத் தண்டித்து, ஆறு மாதத்தில் தேர்தல் வைத்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நடந்தது அதுவல்ல. தனி அலுவலர் வந்தார். அவர் போய் இன்னொருவர் வந்தார். ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, எமர்ஜென்சி வந்து போயிற்று. மன்றத்தின் பூட்டை மட்டும் எவரும் திறக்கவில்லை. 1996 அக்டோபரில்தான் அடுத்த தேர்தல். 1973-இல் பிறந்த குழந்தை 23 வயதாகி, அப்போதுதான் முதன்முதலாக ஒரு கவுன்சிலரைப் பார்த்தது.

தனி அலுவலர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன், அவர்களில் சிலரின் உழைப்பை அறிந்தவன். ஆனால் அவர்கள் பதில் சொல்ல வேண்டியது மேலே இருப்பவருக்கு. கீழே நிற்பவருக்கு அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பூட்டிய காலத்தில்தான் பெருநகர வளர்ச்சிக் குழுமம் சட்டபூர்வ அமைப்பாயிற்று. 1978-இல் சென்னைக் குடிநீர் வாரியம் அமைந்து, குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் கையைவிட்டுப் போயின. சத்தியமூர்த்தி மன்றாடி வாங்கிய பூண்டித் தண்ணீர் வேறு கைக்குப் போகும்போது, "ஏன்?" என்று கேட்க மன்றத்தில் ஒரு நாற்காலியில்கூட ஆள் இல்லை. அந்த மாற்றம் சரியாகவே இருக்கலாம். விவாதித்து எடுத்த முடிவாக அது இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்த வருடங்களில் ஒரு கோடையில் எங்கள் தெருக் குழாயில் நாற்றமடிக்கும் தண்ணீர் வந்தது. நானே மனு எழுதி, 40 வீட்டுக் கையெழுத்து வாங்கி எடுத்துப் போனேன். முதல் அலுவலகத்தில் இது எங்களுடையது அல்ல என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில் வாங்கி வைத்தார்கள், ரசீது தரவில்லை. மூன்றாம் முறை போனபோது மனுவைக் காணோம். எந்த அலுவலகங்கள் என்று இப்போது சொல்வதில் பயனில்லை. நானே கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஒரு கோப்பை எப்படி நகர்த்துவது என்று தெரிந்தவன். எனக்கே அந்தக் கதி. படிக்காத எதிர்வீட்டு அம்மாள் கேட்டார்: "இதுக்கு முன்ன கவுன்சிலரு வூட்டு வாசல்ல போயி நின்னு கத்துவோம். இப்ப யாரு வூட்டு வாசல்ல போயி கத்துறது சார்?" 23 ஆண்டுகளில் நாம் இழந்தது அந்த வாசலைத்தான்.

வாசல் திரும்பக் கிடைத்ததற்குக் காரணம் அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம். 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. நகராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு; அது முடியுமுன் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும்; இடையில் கலைத்தாலும் ஆறு மாதத்துக்குள் நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. 1996-இல் மு.க. ஸ்டாலின் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயரானார். 2011-இல் நகரம் விரிந்து திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் உள்ளே வந்தன. 174 சதுர கிலோமீட்டர் இருந்தது 426 ஆயிற்று. 200 வார்டுகள், 15 மண்டலங்கள். தனித்தனி நகராட்சியாக இருந்த திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சேர்ந்த முதல் மண்டலத்துக்கு இப்போது 1 முதல் 14 வரையான வார்டுகள்.

இவ்வளவு எழுதிவைத்த பிறகும் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தபோது தேர்தல் நடக்கவில்லை. இட ஒதுக்கீட்டு வழக்கில் உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, அது இது என்று ஐந்து ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. 2020-இல் கொரோனா வந்தபோது ராயபுரம் மண்டலம் தினமும் செய்தியில் அடிபட்டது நினைவிருக்கும். அந்த நாட்களில் நம் 200 வார்டுகளில் ஒன்றுக்கும் கவுன்சிலர் கிடையாது. 2022 பிப்ரவரி 19-இல்தான் வாக்களித்தோம். மார்ச் 4-இல் ஆர். பிரியா மேயரானார். 28 வயது, பட்டியலினப் பெண் ஒருவர் மேயராவது இதுவே முதல் தடவை. அவர் ஜெயித்த 74-ஆவது வார்டு எங்கள் திரு.வி.க. நகர் மண்டலத்தில் இருக்கிறது. 1884-இல் ஓட்டே இல்லாத பேட்டையிலிருந்து 2022-இல் ஒரு மேயர். இஸ்திரித் தம்பி இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, இப்போது எப்படி நடக்கிறது? சுருக்கமாகச் சொல்கிறேன்.

மாநகராட்சிக்கு இரண்டு கைகள். ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம்: கவுன்சிலர்கள், அவர்கள் தேர்ந்தெடுக்கும் மேயர், நிலைக்குழுக்கள், மண்டலக் குழுக்கள். மற்றொன்று நிர்வாகம்: கமிஷனர், அவருக்குக் கீழே மண்டல அலுவலர், பொறியாளர்கள், சுகாதார ஆய்வாளர்கள். மன்றம் தீர்மானிக்கிறது, பட்ஜெட்டை நிறைவேற்றுகிறது. நிர்வாகம் செய்து முடிக்கிறது. கவுன்சிலர் நேரே போய்ச் சாலை போட முடியாது. ஆனால் மன்றத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து வேலைக்குப் பரிந்துரைக்கலாம்.

எது யாருடைய வேலை என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். தெருச் சாலை, தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், கொசு மருந்து, பூங்கா, இடுகாடு, பிறப்பு இறப்புச் சான்று, சொத்துவரி ஆகியவை மாநகராட்சி. குடிநீரும் சாக்கடையும் குடிநீர் வாரியம். வீட்டுக் கரண்ட் மின்வாரியம். கே.பி. பார்க் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். வாரியத்து வேலையானாலும் கவுன்சிலரிடம் சொல்லிவைப்பதில் நஷ்டமில்லை. அவர் கூப்பிட்டால் போனை எடுப்பார்கள்.

புகார் சொல்ல 1913 என்ற எண் இருக்கிறது. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. குமாஸ்தா சொல்கிறேன், தேதி போட்ட காகிதத்துக்கு ஒரு பலம் உண்டு.

இப்போது பகுதி சபை. 2022-இல் வந்த விதிகள்படி ஒவ்வொரு வார்டும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கு ஒரு பிரதிநிதி. அவர்கள் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. சென்னையில் வார்டுக்குப் பத்துப் பகுதிகள். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சரே பம்மலில் ஒரு சபையில் உட்கார்ந்தார். ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும். அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லாரும் அதன் உறுப்பினர். கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது. 2023 ஏப்ரலில் 1919 சட்டம் போய், எல்லா நகரங்களுக்கும் பொதுவான நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் அமலுக்கு வந்தது. 104 ஆண்டு நின்ற சட்டம் அது.

அந்த நோட்டீஸில் இருந்த கூட்டத்துக்கு நான் போனேன். நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். முப்பது பேர் வந்திருந்தோம். பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். மழைக்கு முன்னால் வடிகால் தூர் வாருவது பற்றி ஓர் அம்மா, எந்த மூடி உடைந்திருக்கிறது, எந்த வீட்டு எதிரில் தண்ணீர் தேங்குகிறது என்று வரிசையாகச் சொன்னார். 2023 மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் முழங்கால் தண்ணீரில் நின்றவர்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. உதவிப் பொறியாளர் குறித்துக்கொண்டார். நான் எழுந்து, "இது தீர்மானமாக எழுதப்பட்டதா சார்?" என்று கேட்டேன். கொஞ்சம் விழித்தார், பிறகு பதிவேட்டில் எழுதி வாசித்துக் காட்டினார். மூன்று மூடிகள் மாறின. இரண்டு இன்னும் மாறவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பச் சொல்லிக் கேட்பேன்.

கடைசியாக ஒன்று. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது தேர்தல் வரவில்லை. தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். நமக்கு அந்தச் சொல் புதிதல்ல. ஒரு கட்சியைச் சொல்லவில்லை. எல்லாக் கட்சிக் காலத்திலும் பூட்டு தொங்கியிருக்கிறது. நாற்காலி காலியாகக் கிடந்தபோது நாமும் "போனால் போகிறது, வேலை நடக்கிறதே" என்று சும்மா இருந்தோம். 1680-களில் வீட்டுவரிக்கு முரண்டு பிடித்த பட்டணத்தார் அவ்வளவு பொறுமைசாலிகளாக இருக்கவில்லை.

உங்கள் வார்டு எண் என்ன, கவுன்சிலர் யார், அடுத்த பகுதி சபை எப்போது? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் காலண்டர் ஆணியில் மாட்டி வையுங்கள். இஸ்திரித் தம்பிக்கும் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். "அடுத்த தபா வர்றேன் சார், ஆனா நீங்கதான் பேசணும்" என்றான். வந்தால் போதும், பேச்சு தானாக வரும் என்று சொல்லியிருக்கிறேன்.